மாசிக் கடைசியில் தாமிரபரணி: சங்கமாகத் தூண்டில் பயணம் திட்டமிடுதல்

வரைபடத்தை விரித்ததும் சிவப்புப் பென்சிலை எடுங்கள். தூண்டில் போடக்கூடாத நீரை முதலில் குறித்துவிட்டால், மிச்சத்தைத் திட்டமிடுவது எளிது.

மணிமுத்தாறு அணைக்கு மேலே உள்ள அத்தனை நீரும் சிவப்புக்குள் வரும். அருவி, அதற்கு மேலே மாஞ்சோலை, நாலுமுக்கு, குதிரைவெட்டி வரை போகும் மலைச்சாலையை ஒட்டிய ஓடைகள் எல்லாமே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நிலம். 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயின. அதேபோல் பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறைப் பக்கத்து ஆறுகளையும் குறித்துவிடுங்கள். இங்கே மீனைப் பிடித்துத் திரும்ப விடுவதும் குற்றம்தான். காவிரியில் பீமேஸ்வரி, தொட்டமக்களி முகாம்களில் பல ஆண்டுகள் நடந்த தூண்டில் விளையாட்டு 2010ஐ ஒட்டி நின்றுபோனதற்குக் காரணம் இதே சட்டம். சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது வேட்டைக்குச் சமம் என்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து விளக்கம் சொல்லப்பட்டது. "பிடிச்சு விட்டுடத்தானே போறோம்" என்று சோதனைச் சாவடியில் வாதம் செய்யும் உறுப்பினர் ஒருவர் போதும், சங்கத்தின் பெயர் அந்த வட்டாரத்தில் கெட்டுவிட. அணையின் நீர்த்தேக்கத்தையும் குறித்துவிடுங்கள் என்பது என் யோசனை. அதன் மேற்குக் கரையைக் காடு தொடுகிறது. எல்லை எங்கே முடிகிறது என்று தண்ணீரில் நின்று யாரும் சொல்ல முடியாது.

கீழே வாருங்கள். பாபநாசம் கோவில் படித்துறைக்கு இரட்டைச் சிவப்பு. அங்கே படியோரம் திரளும் மீன்களுக்குப் பக்தர்கள் பொரி போடுகிறார்கள். அவற்றை யாரும் பிடிப்பதில்லை. திருப்புடைமருதூரும் அப்படியே. ஆற்றங்கரைக் கோவிலைச் சுற்றிய மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊராரே காத்துவந்தார்கள். 2005இல் அந்த இடம் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக (Conservation Reserve) அறிவிக்கப்பட்டது. மாசி, பங்குனியில் கொக்கும் நாரையும் கூட்டில் இருக்கும் நேரம். மரத்தடியில் கோல் வீசினால் நரம்பு கிளையில் சிக்கும். சிக்கிய நரம்பு குஞ்சின் காலைச் சுற்றும். கூந்தன்குளம் போன்ற பறவைக் குளங்களுக்கும் இதே காரணம்.

கடைசியாக அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டுக் கட்டுகள் இந்த ஆற்றை மறித்துக் கால்வாய்களுக்குத் தண்ணீர் தருகின்றன. ஒவ்வொன்றின் கீழும் மீன் திரளும். மேலே ஏற வழியில்லாமல் நிற்கும் மீன் அது. அங்கே தூண்டில் போட்டால் கை நிறையக் கிடைக்கும் என்பது உண்மை. போடக்கூடாது என்பதற்கும் அதுவே காரணம். கட்டுக்குக் கீழே இருநூறு மீட்டராவது விட்டுவிடுங்கள். இது சட்டம் சொல்லும் அளவு இல்லை, சங்கம் தனக்குத் தானே வைத்துக்கொள்ள வேண்டிய அளவு.

இவ்வளவையும் குறித்த பிறகு வெள்ளையாக மிஞ்சுவது இரண்டுதான்: கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே சமவெளியில் ஓடும் ஆற்றின் சில பகுதிகள், பிறகு குளங்கள். எட்டுப் பேர் மூன்று நாள் தங்கிப் போக அது தாராளம்.

எப்போது போவது

நாம் போடப்போகும் பொய்ப்பூச்சித் தூண்டில் (fly fishing) பற்றிய வெளிநாட்டு நூல்கள் வசந்தம் என்றால் பனி உருகுவதையும், ஆற்றிலிருந்து பூச்சிகள் சிறகு முளைத்து எழுவதையும் பேசும். நம் ஆற்றின் ஆண்டு வேறு கணக்கில் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆனி, ஆடியில் மலைமேல் தென்மேற்கு மழை. இரண்டுக்கும் இடையே, பிசான நெல் அறுவடைக்கு வந்து கால்வாய்களில் தண்ணீர் குறையத் தொடங்கும் மாசிக் கடைசியும் பங்குனி முதல் பாதியும்தான் நமக்கான வசந்தம். மழைக்காலக் கலங்கல் வடிந்து ஆறு தெளிந்திருக்கும். கரையோரம் நின்றாலே மணலில் மீனின் நிழல் தெரியும். வெயில் இன்னும் முழுக் கடுமைக்கு வந்திருக்காது.

தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மகா சிவராத்திரியும் பங்குனி உத்திரமும் இந்த மாவட்டத்தில் குலதெய்வத்தைத் தேடி ஊர் திரும்பும் நாட்கள். சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள் சாஸ்தா கோவில்களுக்குக் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். ரயிலில் இடம் கிடைக்காது, அம்பாசமுத்திரம் விடுதிகளில் அறை கிடைக்காது, ஆற்றின் ஒவ்வொரு துறையிலும் குளிப்பவர்கள் இருப்பார்கள். உத்திரத்துக்கு முந்தைய, பிந்தைய வார இறுதிகளை விட்டுவிடுங்கள். அமாவாசை அன்று தர்ப்பணத்துக்கு வருவோர் கூட்டம் படித்துறைகளில் இருக்கும், அந்த நாளும் வேண்டாம். வேலை நாளில் வர முடிந்தால் புதன், வியாழன் மிக நல்லது.

பங்குனி பிறந்த பிறகு போனால் ஒரு வாய்ப்பு உண்டு. கோடை மழை முதல் தடவை பெய்த மறுமாலை ஈசல் கிளம்பும். விளக்கடியில் மொய்க்கும் அதே ஈசல் ஆற்றின்மேலும் விழும். அந்த அரைமணி நேரம் கெண்டை வகைகள் தண்ணீர்த் தோலைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். வெளிநாட்டவர் தம் ஆறுகளில் பூச்சி எழும் வேளைக்குக் காத்திருப்பார்களே, அதற்கு நம்மிடம் உள்ள ஈடு இதுதான். நாள் சொல்லி வருவதில்லை, ஆகவே இதை நம்பித் தேதி வைக்க முடியாது. ஆனால் பெட்டியில் நாலு ஈசல் பொய்ப்பூச்சி இருக்கட்டும்.

யாரிடம் கேட்பது

இந்தப் பகுதிக்காகத்தான் இந்த அத்தியாயத்தையே எழுதுகிறேன். ஆற்றையும் மீனையும் நன்றாகப் படித்த சங்கங்கள் கூட அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருந்துவிடுகின்றன.

பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே திருநெல்வேலியில் உள்ள மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடைப்பட்ட ஆற்றுப் பகுதி, எந்தத் தேதிகள், எத்தனை பேர், எத்தனை கோல், எந்த முறை, பிடித்த மீனை என்ன செய்வீர்கள், இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பொய்ப்பூச்சித் தூண்டில் என்றால் என்ன என்று இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள், அதைப் பார்த்திராத அலுவலர்கள் பலர். அந்தப் பகுதியின் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியவரும். நேரில் போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அம்பாசமுத்திரத்தில் உள்ள புலிகள் காப்பகத் துணை இயக்குநர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புவது நல்ல பழக்கம். நீங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

குளம் என்றால் கணக்கு வேறு. இங்கே குளத்து மீனுக்கு 'மீன்பாசி' என்று பெயர். அதை ஏலத்தில் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டு, தண்ணீர் வற்றும் காலத்துக்காகக் காத்திருப்பார். மாசி, பங்குனிதான் அவர் போட்ட பணம் திரும்பும் மாதம். அவருடைய அனுமதி இல்லாமல் கரையில் கோலோடு நின்றால் நீங்கள் திருட்டுக்கு வந்தவர் என்றே காவலாளி எடுத்துக்கொள்வார், அது நியாயமும்கூட. ஊர் டீக்கடையில் விசாரித்தாலே போதும். "அண்ணாச்சி, இந்தக் குளத்துப் பாசி இந்த வருசம் யாரு எடுத்திருக்காவ?" என்று கேட்டால் ஆளையும் வீட்டையும் காட்டிவிடுவார்கள். அவரைப் பார்த்து, ஒரு காலைக்கு இவ்வளவு என்று தொகை பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். எடுத்துச் செல்லும் மீனுக்குச் சந்தை விலை தனி. பிடித்து விட்டுவிடுவோம் என்றால் அவருக்கு முதலில் நம்பிக்கை வராது. விட்ட மீன் செத்து மிதந்தால் நட்டம் அவருக்கு. "சரி அண்ணாச்சி, செத்தா அதுக்கும் ரூவா தாரோம்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

மூன்றாவதாக, யாருடைய அலுவலகத்திலும் உட்காராத ஒரு அனுமதி இருக்கிறது. ஆற்றில் துவைப்பவர், மாடு குளிப்பாட்டுபவர், காலையில் குளிக்க வரும் பெண்கள், வலை போடுபவர் இவர்களுடைய துறை அது. பெண்கள் குளிக்கும் துறையை முந்தைய நாளே கேட்டறிந்து, அந்தப் பக்கம் போகாமல் இருங்கள். கேமராவை வெளியே எடுக்கும் முன் சுற்றிலும் பாருங்கள். வலைக்காரர் வலை போட்டிருக்கும் மடுவுக்கு உங்கள் கோல் போகக்கூடாது. அது அவர் அன்றைய சோறு.

மணிமுத்தாற்றிலேயே அசோகா அறக்கட்டளை எனப் பலரும் அறிந்த ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது. 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நெல்லை, தூத்துக்குடிக் குளங்களில் நடக்கும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பை உள்ளூர் இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறவர்கள் அவர்கள். எந்தக் குளத்தில் பறவை கூடு கட்டியிருக்கிறது, எதில் தண்ணீர் இருக்கிறது என்பதைத் திட்டமிடும்போதே இத்தகையவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புக்கு ஆள் தேவைப்படும், உங்கள் சங்கத்திலிருந்து நாலு பேர் ஜனவரியில் வந்து உழைத்தால் மார்ச்சில் கேட்கும் உரிமை தானாக வரும்.

என்ன மீன், எதை விட வேண்டும்

தமிழ்நாட்டில் பொய்ப்பூச்சித் தூண்டிலுக்கு வீடு நீலகிரிதான். 1877இல் அங்கே வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். 1879இல் விலங்குக்கும் மீனுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1860களில் பிரான்சிஸ் டே டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று பலிக்கவில்லை. 1900களின் முதல் பத்தாண்டில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே அது நிலைத்தது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். தாமிரபரணிச் சமவெளியின் வெதுவெதுப்பில் அது உயிரோடு இராது. ஊட்டியில் பழகிய உறுப்பினர்கள் அந்த எதிர்பார்ப்பை மலையிலேயே விட்டு வர வேண்டும்.

இங்கே இருப்பவை கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, ஆரல், அயிரை. அவற்றில் பொய்ப்பூச்சிக்கு நன்றாக வருபவை கெண்டை வகைகளும் விராலும், குளங்களில் ஜிலேபியும்.

இந்த ஆற்றுக்கே உரிய சில மீன்களை ஒவ்வொரு உறுப்பினரும் படத்தில் பார்த்து அடையாளம் பழகியிருக்க வேண்டும். தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு சிறு கெண்டை உண்டு. 1950களில் ஈ. ஜி. சைலஸ் அதை உலகுக்கு விவரித்தார். உடலில் கருந்திட்டுகள் இருக்கும், வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழைகள் நீண்டு தொங்கும். உலகில் இந்த ஆற்றுப் படுகையில்தான் அது இயற்கையாக வாழ்கிறது. பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இருக்கிறது. பாறையில் ஒட்டிப் பாசி சுரண்டும் கல்நக்கி வகைகளிலும் இந்தப் படுகைக்கே உரியவை உண்டு. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையத்தில் இருந்த ஆய்வாளர்கள் இந்த மலையோடைகளிலிருந்து அண்மைக் காலத்திலும் புது இனங்களை விவரித்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் பெரிய ஆறுகளில் அநேகமாக எல்லா மீனுக்கும் பெயர் வைத்து முடித்தாகிவிட்டது. இங்கே இன்னும் முடியவில்லை. தூண்டிலில் வருவது என்னவென்று தெரியாத மீனாக இருந்தால், தண்ணீரை விட்டு எடுக்காமல் ஒரு படம், உடனே விடுதலை. அதன்பின் அந்த இடத்தில் வீசுவதை நிறுத்திவிட்டு நகருங்கள்.

ஜிலேபியில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்று எந்தக் குட்டையிலும் பெருகி, நாட்டு மீனின் இடத்தைப் பிடித்த இனம். குத்தகைதாரர் சம்மதித்தால் அளவு பார்க்காமல் எடுங்கள், சமையுங்கள். ஆனால் உயிரோடு வேறு தண்ணீருக்குக் கொண்டுபோகாதீர்கள். எந்த மீனையும் கொண்டுபோகாதீர்கள். காவிரியில் நல்லெண்ணத்தோடு பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மாசீர் பெருகிய காலத்தில்தான், அந்த ஆற்றுக்கே உரிய திமில் மாசீர் அருகிப்போனது. அந்தத் திமில் மாசீருக்கு முறையான அறிவியல் பெயர் இதுதான் என்று உறுதிப்பட 2018 ஆயிற்று. அதற்குள் அது அழிவின் கடைசி விளிம்புக்கு வந்துவிட்டிருந்தது.

கருவி

சாதாரணத் தூண்டிலில் ஈயமோ இரையோ தன் கனத்தால் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். பொய்ப்பூச்சிக்குக் கனமே இல்லை. இங்கே கனம் நரம்பில். தடித்த அந்த நரம்பைப் பின்னால் வீசி, அது முழுவதும் நீளும் வரை காத்து, முன்னால் வீச வேண்டும். ஆகவே உங்களுக்குப் பின்னால் முப்பது, நாற்பது அடி வெட்டவெளி வேண்டும். தாமிரபரணிக் கரையில் பின்னால் மருத மரமும் நாணலும், வரப்பில் நடக்கும் மனிதரும் இருப்பார்கள். பின்வீச்சு இல்லாமல் தண்ணீர்மேல் நரம்பை உருட்டிவிடும் வீச்சைச் சங்கத்தில் எல்லோரும் கற்ற பிறகே கிளம்புங்கள். ஊர் மைதானத்தில் முள்ளுக்குப் பதில் நூல்கட்டு ஒன்றைக் கட்டி மாலை வேளையில் பழகலாம்.

ஒன்பதடி நீளத்தில் ஐந்தாம் எண் கோல், மிதக்கும் நரம்பு. இதற்கு மேல் கனம் தேவையில்லை. விராலுக்கு மட்டும் ஏழாம் எண்ணும், புல்லில் சிக்காத தவளை வடிவப் பொய்ப்பூச்சியும். முள் நுனியின் எதிர்ச்செதிலை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கு நல்லது, உங்களில் ஒருவர் காதில் குத்தினாலும் நல்லது.

பூச்சி கட்டுவதற்கு ஒரு செய்தி. இந்த மலைகளில் கூவும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் அரக்கு வைத்தாற்போல் பளபளக்கும் புள்ளிகள் உண்டு. பிரிட்டனின் சால்மன் தூண்டில்காரர்கள் அந்த இறகுக்கு உயிரை விட்டார்கள், கப்பல் கப்பலாக இங்கிருந்து போயிற்று. இன்று அது சட்டம் காக்கும் பறவை. இறகை எங்கே யார் விற்றாலும் வாங்க வேண்டாம். நாட்டுச் சேவலின் கழுத்திறகு, ஆட்டு மயிர், எம்பிராய்டரி நூல் மூன்றும் போதும். கட்டெறும்பு, ஈசல், வெட்டுக்கிளி, சிறு குஞ்சுமீன் என நாலு வடிவம் கட்டத் தெரிந்தால் இந்த ஆற்றுக்குப் போதுமானது. நாவலும் அத்தியும் கரையிலிருந்து உதிரும் இடங்களில் கெண்டை பழம் தின்னும். கருநீலக் கம்பளி உருண்டை ஒன்று அங்கே பூச்சியைவிட நன்றாக வேலை செய்யும்.

நைலான் நரம்பின் ஒரு துண்டும் ஆற்றில் விழக்கூடாது. இந்த ஆற்றில் நீர்நாய் இருக்கிறது. அறுந்த துண்டுகளுக்கு ஆளுக்கொரு சிறு டப்பா கழுத்தில் தொங்கட்டும்.

ஆள், நாள், பொழுது

எட்டுப் பேர், நாலு கோல். இதுவே என் கணக்கு. இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் வீசும்போது மற்றவர் பின்னால் நின்று ஆள் வருகிறதா, மாடு வருகிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பார், மீன் வந்தால் குறிப்பேட்டில் நேரம், இடம், இனம், நீளம் எழுதுவார். மணிக்கொரு தரம் மாறிக்கொள்வார்கள். எட்டுக் கோல் ஒரே கரையில் நின்றால் அது ஆற்றுக்கும் பாரம், ஊருக்கும் உறுத்தல்.

மதுரை, சென்னையிலிருந்து வருவோர் திருநெல்வேலியில் இறங்கிச் செங்கோட்டை ரயிலில் கல்லிடைக்குறிச்சியிலோ அம்பாசமுத்திரத்திலோ இறங்கலாம். அம்பாசமுத்திரத்தில் தங்குவது எல்லாவற்றுக்கும் நடு. ஒரு வேன் போதும். வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், திரும்பும்போது கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க நேரம் விடுங்கள்.

முதல் நாள் காலை குளம். புதியவர்களுக்கு ஜிலேபி உடனே வரும், கை பழகும். மாலையில் கோல் இல்லாமல் ஆற்றங்கரை நடை. கண்கூச்சத்தை வெட்டும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, நாளை நிற்கப்போகும் இடங்களைப் பார்த்துவையுங்கள். மீன்கொத்தி எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறதோ அதன் கீழே சிறு மீன் இருக்கும், சிறு மீன் இருக்கும் இடத்தின் ஆழ விளிம்பில் பெரியது இருக்கும்.

இரண்டாம் நாள் விடிவதற்கு முன் ஆறு. பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும், போராடிக் களைத்த மீன் விட்டாலும் பிழைக்காது. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேல் வழுவழுப்பைத் துடைத்துவிடும். எடுத்தால் உங்கள் மூச்சை நீங்கள் அடக்கக்கூடிய நேரத்துக்குள் திரும்பத் தண்ணீரில் இருக்க வேண்டும். தலையை நீரோட்டத்தை எதிர்த்து வைத்துப் பிடியுங்கள், அதுவாகக் கையை விட்டுப் போகும் வரை.

மூன்றாம் நாள் கோல்கள் விடுதியிலேயே இருக்கட்டும். மணிமுத்தாறு அணையையும் அருவியையும் பார்க்கப் போங்கள். காமராஜர் ஆட்சியில் கட்டப்பட்ட 118 அடி அணை அது. அருவிக்கு வனத்துறை அன்றைக்கு விடுகிறதா என்று சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். பாபநாசம் படித்துறையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தூண்டில்காரருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை: பொரி விழுந்ததும் எந்த மீன் முதலில் வருகிறது, எது பின்னால் நின்று மூழ்கியதைப் பொறுக்குகிறது, எது வெளிச்சத்துக்கு வரவே மறுக்கிறது என்பதெல்லாம் கண்முன்னே தெரியும். பரிகாரத்துக்கு வருவோர் ஆற்றில் விட்டுச்செல்லும் துணிகள் பாறையிடுக்குகளில் சிக்கிக் கிடப்பதையும் பார்ப்பீர்கள். அவற்றை எடுக்கும் பணி நடந்தால் சங்கமாகச் சேர்ந்துகொள்ளுங்கள்.

தண்ணீர் ஏறும்

இது வற்றாத ஆறு, கூடவே கட்டுப்படுத்தப்பட்ட ஆறு. பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின் நிலையம் இருக்கிறது. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் விடும் அளவு மாறும்போது, வானம் தெளிவாக இருக்கையிலேயே ஆறு ஏறும். வந்ததும் கரையில் ஒரு குச்சியை நட்டுத் தண்ணீர் மட்டத்தில் கோடு போடுங்கள். கோடு மூழ்கினால் எல்லோரும் வெளியே, மீன் மாட்டியிருந்தாலும். ஆற்று நடுத் திட்டுக்கு யாரும் போகக்கூடாது. 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த ஆறு என்ன செய்தது என்று கரையோர ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2023 வெள்ளத்துக்குப் பிறகு பழைய வழித்தடங்களை நம்பாதீர்கள், மடுக்கள் இடம் மாறியிருக்கும்.

மணல் அள்ளிய பள்ளங்கள் இன்னொரு ஆபத்து. கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு நீதிமன்றம் சென்று வழக்காடியதில் 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. ஆனாலும் ஏற்கெனவே தோண்டியது மறையவில்லை. முழங்கால் ஆழத்திலிருந்து ஒரே எட்டில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்குப் போகும் இடங்கள் உண்டு. இடுப்புக்கு மேல் இறங்கத் தடை, நீச்சல் தெரிந்தவருக்கும். மிதவைச் சட்டை எல்லோருக்கும். முன்னால் ஊன்றிப் பார்க்க ஒரு மூங்கில் கம்பு. பிற்பகலில் மலைப்பக்கம் இடி கேட்டால் கோலை மடக்கிவிடுங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

திரும்பிய பிறகு

காலணி, நரம்பு, வலைக்கூடை எல்லாவற்றையும் கழுவி, இரண்டு நாள் முழு வெயிலில் காயவையுங்கள். ஒரு நீரின் பாசியும் நோயும் அடுத்த நீருக்குப் போவது இவற்றில்தான். குறிப்பேட்டைத் தட்டச்சு செய்து, விண்ணப்பம் கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு படி அனுப்புங்கள். எத்தனை மீன், எத்தனை விட்டது, எத்தனை செத்தது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். குத்தகைதாரருக்குப் போன் செய்து, மறுநாள் ஏதாவது செத்து மிதந்ததா என்று கேளுங்கள், இருந்தால் பேசிய பணத்தை அன்றே அனுப்பிவிடுங்கள். அடுத்த ஆண்டின் பங்குனி உத்திரம் எந்தத் தேதி என்று புதுப் பஞ்சாங்கத்தில் பார்த்து, அதற்கு மூன்று வாரம் முன்னதாக ஒரு புதன்கிழமையை இப்போதே எழுதிவையுங்கள்.